தண்டல் சொன்ன திருத்தம்

பூசையில் கல்யாண அறிவிப்பின் மூன்றாம் ஓலையை வாசித்து முடித்துவிட்டு, "இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லக் கடவார்கள்" என்று பங்குச்சாமி நிமிர்ந்து பார்க்கும்போது கோயிலில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். இருமினால் பெண்வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட அமைதியில் எங்கள் தண்டல் எழுந்து நின்றார். பெண்ணின் தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை, நான் கவனித்தேன், வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி. ஒரு சின்னத் திருத்தம்," என்றார் தண்டல்.

கல்யாணத்தன்று இரண்டு கப்பல் வருகிறது. ஊரில் ஆம்பிளை ஒருத்தனும் கரையில் இருக்கமாட்டான். விறகு பிளக்கக்கூட ஆள் கிடைக்காது. ஆகவே 'புதன்கிழமை' என்பதை 'அடுத்த திங்கட்கிழமை' என்று மாற்றி வாசிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. சாமிக்குக் கோபம் வந்தது. கல்யாணம் திங்கட்கிழமைதான் நடந்தது.

தூத்துக்குடியைத் துறைமுகம் என்று சொல்வார்களே தவிர அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் ஆழம் போதாது. கண்ணுக்குப் பொட்டாகத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியும் உப்பும் அங்கே போவதும், அரிசியும் மரமும் இங்கே வருவதும் தோணியில்தான். தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். ஊரில் எத்தனையோ தண்டல்கள் உண்டு. பெயர் சேர்க்காமல் 'தண்டல்' என்றால் அது இவர் ஒருவர்தான். உடம்பு பெரிது. தோணியில் அவர் இடம் மாறி உட்கார்ந்தால் தோணி தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும். எந்தக் கப்பல்காரனிடமோ வாங்கிய பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு ஒன்றை, சட்டை இல்லாத உடம்பின்மேல் போட்டுக்கொண்டு வருவார். அந்தப் பொத்தான்களைத் தினம் சாம்பல் போட்டுத் துலக்குவது அவருடைய சொந்தப் பொறுப்பு. அதில் மட்டும் யார் யோசனையையும் ஏற்கமாட்டார்.

நான் டாலி கிளார்க். தோணியில் ஏறுகிற பொதிகளை எண்ணிக் கோடு போடுகிறவன். ஆகையால் என் பெயரும் டாலி. பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாண ஓலைக்கு மட்டும் பயன்பட்டது.

தண்டலுக்கு எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. சரி என்று சொல்லியும் பழக்கமில்லை. கருவாட்டுக் குழம்பு வைக்கட்டுமா என்று வீட்டில் கேட்டால், "வையி, ஆனா கருவாடு வேண்டாம்" என்பாராம். அவர் மனைவியே என்னிடம் சொன்னது. ஒருநாள் தைரியம் வந்து அவரிடம் கேட்டேன். ஏன் அண்ணாச்சி, நேராக ஒரு பேச்சுப் பேசினால் என்ன?

"வேண்டாம்னு சொன்னா எதிராளி முறுக்கிக்கிடுவான்லே. சரின்னு சொன்னா நாம மாட்டிக்கிடுவோம்," என்றார். பிறகு சற்று யோசித்து, "எதிராளின்னு நான் சொன்னதை, கூட இருக்கிறவன்னு திருத்திக்க" என்றார்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், தண்டலும் நானும் இருந்த செங்கொடிக் கட்சிக்குத் தடை வந்தது. தடை வருவதற்குச் சற்று முன்னால் கட்சி மேலிடம் பாதையை மாற்றியிருந்தது. அதுவரை எங்கள் கிளையின் வேலை கூலி உயர்வு கேட்பது, பொதி விழுந்து கால் ஒடிந்தவனுக்கு வைத்தியச் செலவு கேட்பது, மே தினத்துக்குக் கொடி ஏற்றுவது, அவ்வளவுதான். புதுப் பாதை வேறு மாதிரி. வந்திருப்பது போலிச் சுதந்திரம். இந்த அரசைத் தூக்கி எறிய வேண்டும். சங்கம் வைத்துப் பேசிக்கொண்டிருப்பது துரோகத்தின் ஆரம்பம். சண்டைதான் வழி, அதுவும் இன்றே. இதை எங்களுக்கு விளங்க வைக்க மதுரையிலிருந்து ஒரு தோழரை அனுப்பினார்கள்.

மதுரைத் தோழருக்கு என் வயதுதான் இருக்கும். குச்சி மாதிரி உடம்பு. யார் வீட்டில் சோறு போட்டாலும் பாதியைப் பக்கத்துக் குழந்தையின் தட்டில் தள்ளிவிடுவார். பொய் சொல்ல வராது. எங்கள் சாமியே அவரைத் தெருவில் பார்த்துவிட்டு, கடவுள் இல்லை என்று சொல்கிற பையனுக்கு முகம் இப்படியா இருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டதாகக் கேள்வி. அப்படிப்பட்ட ஆளோடு சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்பது தண்டலுக்குத்தான் தெரியும்.

கிளை இரண்டாகப் பிரிந்தது. தோணிக்காரர்கள் பெரும்பாலும் தண்டல் பக்கம். மில் தொழிலாளிகள் பெரும்பாலும் மதுரைத் தோழர் பக்கம். நான் நடுவில். நடுநிலை என்று யாரும் மெச்ச வேண்டாம். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் நான். தோழர் பேசினால் என் ரத்தம் கொதிக்கும். தண்டல் பேசினால் அது ஆறும். ஒரே கூட்டத்தில் நாலைந்து தடவை கொதித்து ஆறினால் மனுஷன் என்ன ஆவான்? காய்ச்சிய பாலாவது ஆடை கட்டும். எனக்கு வயிறுதான் கெட்டது.

தடைக் காலமாதலால் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, தோணிப் பாய்கள் போட்டுவைக்கும் கொட்டகையில் நடக்கும். போலீஸ் எட்டிப் பார்த்தால் சீட்டாட்டம் மாதிரித் தெரிவதற்காக ஆளுக்குக் கொஞ்சம் சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கை தூக்கி வாக்களித்தால் வெளியே தெரியும் என்று ஓர் ஏற்பாடு: தீர்மானத்துக்கு ஆதரவென்றால் சிவப்புச் சீட்டைப் போட வேண்டும், எதிர்ப்பென்றால் கறுப்பு. நல்ல ஏற்பாடு. சீட்டைப் பிரித்துக் கொடுக்கிறவன் நமக்கு இரண்டு நிறமும் கொடுத்தால்.

முதல் கூட்டத்தில் 'வந்தது போலிச் சுதந்திரம்' என்ற தீர்மானம் வந்தது. தண்டல் கோட்டைச் சரி செய்துகொண்டார்.

"ஒரு சின்னத் திருத்தம், தோழரே. போலின்னு எழுதாதியும். நங்கூரம் எடுத்தாச்சு, பாய் இன்னும் விரியலன்னு எழுதும்."

"இது அரசியல் தீர்மானமா, தோணிப் பாட்டா?" என்றார் மதுரைத் தோழர்.

"பாட்டுன்னா இவனுவளுக்கு மனப்பாடம் ஆகும். தீர்மானம்னா உமக்கு மட்டுந்தானவே ஆவுது."

கொட்டகை சிரித்தது. தோழருக்கும் சிரிப்பு வந்தது. வந்ததற்காக உடனே வருத்தப்பட்டார். வாக்கெடுப்பு வந்தது. அப்போது நான் ஆறியிருந்தேன். ஆகவே தண்டல் பக்கம். கையைப் பார்த்தேன். அத்தனையும் சிவப்பு. எனக்கு வியர்த்த வியர்வையில் சீட்டிலிருந்த ராணியின் முகமே நனைந்தது. பக்கத்திலிருந்தவரிடம் ஒரு கறுப்பு கடன் கேட்கலாம் என்றால் அவர் தோழரின் ஆள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சீட்டைக் குப்புறப் போட்டேன். அன்று நான் எந்தப் பக்கம் வாக்களித்தேன் என்பது சீட்டைப் பிரித்துக் கொடுத்தவனுக்கே வெளிச்சம்.

இப்படியே மாதங்கள் போயின. 'உடனடியாக' என்று தோழர் கொண்டுவந்தால் 'காற்றுப் பார்த்து' என்று தண்டல் திருத்துவார். 'அடித்து நொறுக்குவோம்' என்பது 'அடிக்கவும் தயங்கமாட்டோம்' ஆகும். அதிலிருந்து 'தயங்கமாட்டோம்' மட்டும் மிஞ்சும். ஒரு தீர்மானம் கொட்டகைக்குள் புலியாக நுழைந்து வெளியே வரும்போது மீசை மட்டும்தான் இருக்கும். பின்னால் கட்சி அவரை நீக்கியது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். முன்மொழிந்தவர் மதுரைத் தோழர். இன்னும் சில வருஷங்கள் கழித்து அந்தப் பாதையே தவறு என்று கட்சி சொன்னது. அப்போது தண்டலைத் திரும்பக் கூப்பிட்டதாகவும், அவர் நிபந்தனை போட்டதாகவும், அதைக் கட்சி ஏற்றதாகவும், ஏற்கவில்லை என்றும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நான் வேலை மாறி வெளியூர் போயிருந்தேன். நிச்சயமாக எனக்குத் தெரிந்தது வேலைநிறுத்தத்தின்போது நடந்தது மட்டும்தான்.

கூலி உயர்வு கேட்டுத் தோணிக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் தோணிகள் கரையில் கிடந்தன. பொதி ஏறாததால் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் நான் கடற்கரைக் காக்கையை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கம்பெனிகள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து பொதி ஏற்றப்போவதாகவும், பாலத்துக்குத் துப்பாக்கிப் போலீஸ் காவல் வரப்போவதாகவும் செய்தி வந்தது. பாலம் என்பது கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஏற்று மேடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரைத் தோழர் திட்டத்தோடு வந்தார். மூன்று அணி. முதல் அணி போலீஸ் வரிசைமேல் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கும். இரண்டாவது அணி அந்தக் குழப்பத்தில் தோணிகளின் கயிற்றை அறுத்துவிடும். மூன்றாவது அணி மணலில் நின்று கோஷம் போடும். முதல் அணியில் சிலர் திரும்ப வரமாட்டார்கள் என்பதைத் தோழர் மறைக்கவில்லை. அவர்கள் சிந்தும் ரத்தத்தில் தமிழ்நாடு முழுவதும் எழும் என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கும் கொதித்தது. பிறகு முதல் அணிக்கு உடல் வலுவுள்ள தோணிக்காரர்கள் என்றும், தன்னைப் போலீஸ் தேடுவதால் தான் மூன்றாவது அணியில் நின்று வழிநடத்த வேண்டுமென்பது மேலிடத்துக் கட்டளை என்றும் சொன்னார். சொல்லும்போது தலை குனிந்திருந்தது. அந்தக் கட்டளை அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

தோணிக்காரர்கள் தண்டலைப் பார்த்தார்கள். வாக்கெடுத்தால் தீர்மானம் நிறைவேறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டினி கிடந்ததில் தோணிக்காரர்களிலேயே பாதிப் பேர் தோழர் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தார்கள்.

"நான் தீர்மானத்துக்கு எதிரி இல்ல," என்றார் தண்டல். "அணி மூணும் இருக்கட்டும். ஆளைப் பிரிக்கிறதுல மட்டும் ஒரு சின்னத் திருத்தம். சலாபத்துல எப்படிப் பிரிப்போமோ அப்படிப் பிரிப்போம்."

முத்துக் குளிக்கும் சலாபத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோணி கரைக்கு வந்ததும் எடுத்த சிப்பி முழுவதையும் தோணிக்காரர்களே மூன்று குவியலாகப் போட வேண்டும். சர்க்கார் அதிகாரி வந்து பிரம்பால் இரண்டு குவியலைத் தொடுவார். அவை சர்க்காருக்கு. மிஞ்சியது தோணிக்கு. எது மிஞ்சும் என்று குவிக்கிறவனுக்குத் தெரியாது. ஆகையால் எவனும் ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் குவிக்கமாட்டான். தராசு இல்லாமலே நியாயம் நடக்கும்.

"எங்களை மூணு குவியலாப் பிரியும். நீரும் அதுல ஒண்ணுல நில்லும். எந்தக் குவியல் எந்த அணின்னு நான் கை காட்டுதேன். குவிக்கிறவரு நீரு, தொடுறவன் நான்."

எவ்வளவு நயமான திருத்தம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கி முன்னால் போகும் குவியலில் தானே இருக்கலாம் என்றால் எந்த மனுஷனும் திட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவான் அல்லவா? பாய்வது நடப்பதாகும். நடப்பது நிற்பதாகும். மீசைகூட மிஞ்சாது. தண்டல் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

மதுரைத் தோழர் முகத்தில் அதைவிடப் பெரிய திருப்தி இருந்தது. மேலிடத்துக் கட்டளையிலிருந்து தன்னை யாரோ விடுவித்துவிட்ட மாதிரி எழுந்தார். திட்டத்தில் ஒரு எழுத்தை மாற்றவில்லை. ஆட்களை மளமளவென்று மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் சமமாக மில்காரர், தோணிக்காரர், பிள்ளைகுட்டிக்காரர், ஒண்டிக்கட்டை. கடைசியில், "நீங்களும் நானும் ஒரே குவியலில் நிற்போம்" என்று தண்டலின் பக்கத்தில் போய் நின்றார். நான் வழக்கம்போல இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைச் சேர்க்கவுமில்லை, நீக்கவுமில்லை. இடுக்கில் மாட்டிய நண்டு மாதிரி அந்தக் குவியலோடு நானும் சேர்ந்துபோனேன்.

தண்டலின் கணக்கு தவறியது அங்கேதான். சலாபத்தில் குவிக்கிறவன் நியாயமாக நடப்பது தன் பங்கில் ஆசை இருப்பதால். உயிரோடு மிஞ்சுகிற பங்கில் ஆசையே இல்லாத ஒருவன் குவிக்க வருவான் என்று அவர் நினைக்கவில்லை.

இப்போது அவர் கை காட்ட வேண்டும். மற்ற இரண்டு குவியலிலும் அவர் தோணியில் ஏறியவர்கள், அவர் தேதி மாற்றிக் கல்யாணம் செய்துவைத்தவர்கள். கை எழுந்தது. ஒரு குவியலைப் பார்த்துப் போயிற்று, திரும்பிற்று. அடுத்ததைப் பார்த்துப் போயிற்று, திரும்பிற்று. திருத்தம் சொல்லிச் சொல்லி ஊரையே மடக்கிய மனுஷனுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. செபமாக இருக்கலாம். கடைசியில் கை மடங்கி அவர் கோட்டுப் பொத்தானைத் தொட்டது.

"இதுதான் முதல் அணி," என்றார்.

நான் சீட்டைக் கீழே போட்டுவிட்டேன். அது என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை.

குறித்த நாள் காலை, வெயில் ஏறிய நேரம். பாலத்துக்கு முன்னால் போலீஸ் வரிசை. பாதிப் பேர் மீசை அரும்பாத பையன்கள். என்னைக் கண்டு அவர்களும் அவர்களைக் கண்டு நானும் நடுங்கினோம். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, அதுதான் வித்தியாசம். எங்களுக்குப் பின்னால் கயிறு அறுக்கும் அணி, அதற்கும் பின்னால் கோஷ அணி. ஓடினால் முன்னால் ஓடுவேனா பின்னால் ஓடுவேனா என்று என் காலுக்கே தெரியவில்லை. அதனால் அது இரண்டும் செய்யாமல் மணலில் புதைந்து நின்றது. முழங்கால் மடங்கவே இல்லை.

மதுரைத் தோழர் கையை உயர்த்தினார். இறக்கினார். ஓடினார். அத்தனை மெலிந்த உடம்பில் அத்தனை வேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போலீஸ் வரிசை துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோயிற்று. அடுத்த கணம் தண்டலும் ஓடினார். கோட்டு இரண்டு பக்கமும் விரிய, அந்த வயதில், அந்த உடம்போடு. பின்னால் நின்றவர்கள் 'அடேயப்பா' என்றார்கள். மிதவாதி என்று ஏசினோமே, பார், எப்படிப் பாய்கிறார் என்று ஒரு மில்காரர் அழுதேவிட்டார்.

தண்டல் பாய்ந்தது போலீஸ்மேல் அல்ல. பாதி வழியில் தோழரின் தோளைப் பிடித்து மணலில் தள்ளி, அவர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தோழர் கீழே கிடந்து துள்ளினார். கடித்தார். தண்டல் அசையவில்லை. முதல் அணியில் மற்றவர்கள் ஓட ஆரம்பித்த வேகத்திலேயே நின்றார்கள். என்ன செய்வதென்று யாருக்கும் புரியவில்லை. தண்டல் உட்கார்ந்திருக்கிறார், ஆகவே உட்காருவதுதான் கடைசி நேரத்தில் மாறிய உத்தரவு போலிருக்கிறது என்று நினைத்து ஒருவர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். இரண்டாவது அணி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தது. கோஷ அணியும் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே கோஷம் போட்டது. போலீஸ் துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. உட்கார்ந்திருப்பவர்களைச் சுடுவதற்கு அவர்களிடம் உத்தரவில்லை.

கடற்கரை முழுவதும் நின்றது நான் ஒருவன்தான். என் முழங்காலின் நிலைமையை முன்பே சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து நேராக வந்தார். பிறகு காலடியில் கிடந்த இருவரைப் பார்த்தார். ஒருவர்மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதில் யார் தன்னுடைய பகை என்று அவருக்கு விளங்கவில்லை.

"இதுல எவம்லே கட்சிக்காரன்?"

"நான்," என்றார் கீழே கிடந்த தோழர், வாயில் மணலோடு.

"நான்," என்றார் மேலே இருந்த தண்டல், அதே மூச்சில்.

சப்-இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்தார். "நான்" என்றேன். அது வீரமா, அல்லது பயத்தில் கடைசியாகக் காதில் விழுந்த சொல் வாய் வழியாக வந்துவிட்டதா என்று இன்றைக்கு ஐம்பது வயது தாண்டியும் எனக்குத் தெரியவில்லை.

மூவரையும் ஒரே கயிற்றில் கைகட்டி ஸ்டேஷனுக்கு நடத்தினார்கள். நான் நடுவில். இந்தப் பக்கம் தோழர் கோபத்தில் விடுவிடென்று முன்னால் இழுக்கிறார். அந்தப் பக்கம் தண்டல் மூச்சு வாங்கிப் பின்தங்குகிறார். என் இரண்டு மணிக்கட்டும் எரிந்தன. கடைத்தெருவில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தோழர் முகத்தில் மணலும் கண்ணீரும் சேர்ந்து சேறாகியிருந்தது.

"என்னை ஏன் சாக விடவில்லை?" என்று என்னைத் தாண்டி அவரைக் கேட்டார். "உங்களுக்கு லாபம்தானே? உங்கள் பாதையில் குறுக்கே நின்றவன் ஒழிந்திருப்பானே."

தண்டல் தோளை உயர்த்தி முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நீரு போனா மதுரையில இருந்து இன்னொருத்தனை அனுப்புவாங்க. அவன் ஒம்மளவு யோக்கியனா இருப்பாம்னு என்ன நிச்சயம்?"

தோழர் பக்கத்துக் கயிறு கொஞ்சம் தளர்ந்தது.